மணலில் போட்ட கூடாரமும் நான் சொன்ன பொய்யும்

என் அன்பு அண்ணனுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தபோதும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு யார் யாருக்குக் கடிதம் எழுதுவார்கள்? பேச வேண்டியதையே பாதி பேசாமல் விட்டவர்கள் நாம்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை நம் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் முகாம் நடந்தது. நான்தான் நடத்தினேன். இருபத்திரண்டு வண்டிகள் கிளம்பின, இருபத்திரண்டும் திரும்பி வந்தன. ஒருவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, ஒரு வண்டிக்கு முன்விளக்கு போயிற்று. மற்றபடி சேதம் எதுவும் இல்லை. ஊரில் எல்லோரும் உன்னைத்தான் புகழ்கிறார்கள்.

தப்பாக எழுதிவிடவில்லை. முகாமை நடத்தியது நான், புகழ்வது உன்னை. நீ போய் ஏழு மாசம் ஆகிறது, இன்னும் இந்த வழக்கம் மாறவில்லை.

இது நம் இருவருக்குள் நிற்கப் போகிற கடிதம் இல்லை. நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. என் அண்ணன் ஏகாம்பரம் எங்கள் சங்கத்தைத் தொடங்கியவர், பன்னிரண்டு வருஷம் தலைவராக இருந்தவர். மோட்டார் சைக்கிள் சங்கத் தலைவர் இறந்துவிட்டார் என்றால் வெளியூர்க்காரர்கள் உடனே எந்த லாரி என்று கேட்கிறார்கள். லாரி இல்லை. மஞ்சள் காமாலை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார்.

மழைக்காலத்தில் யாராவது கூடாரம் போடுவார்களா என்றும் கேட்பார்கள். காஞ்சிபுரத்துக்காரன் போடுவான். எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் தறி வைத்து நடத்துகிறவர்கள். தீபாவளி வரைக்கும் ஒருவரும் தலை நிமிர முடியாது. தீபாவளி முடிந்து அடைமழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் காயவைக்க முடியாது. என் சாயப் பட்டறையில் தோய்த்த பட்டு காயாது. ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு வாரம்தான் எங்களுக்கு விடுமுறை. ஆகவே மழையில்தான் போவோம், நனைந்துகொண்டுதான் சமைப்போம்.

அண்ணா, உன்மேல் எனக்குப் பொறாமை எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வந்ததாகவே ஞாபகம் இல்லை. எப்போதும் இருந்திருக்கிறது. நீ செகண்ட் ஹாண்டில் புல்லட் வாங்கி வந்த அன்று தெருவே வாசலுக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து நான் புத்தம்புது ஜாவா வாங்கி வந்தேன். எதிர்வீட்டுக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "அண்ணன் இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முகாம் என்றால் மூன்று வாரம் முன்பே என் ஓட்டம் தொடங்கிவிடும். வாலாஜாபாத் அரிசி மில்லில் நெல் மூடுகிற தார்ப்பாய்களைக் கெஞ்சி வாங்குவது, மூங்கில் பார்ப்பது, அரிசி பருப்பு கட்டுவது, போலீஸ் ஸ்டேஷனில் போய் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வருவது. நீ சனிக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, தேரடியில் வந்து ஒரு காலை ஊன்றி நிற்பாய். சிரிப்பாய். அவ்வளவுதான், எல்லாரும் உன் பின்னால் வருவார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று அண்ணி சொன்னதால் ஜாவாவை விற்றுவிட்டேன். உன் புல்லட்கூட எனக்கு அடங்குவதில்லை. கிக்கரை உதைத்தால் திருப்பி உதைக்கிறது. கணுக்கால் வீங்கி மூன்று நாள் நொண்டினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிற நம் முனுசாமியிடம் காட்டினால், அவன் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அது அண்ணன் கால் பழகின வண்டி தம்பி. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றான்.

போன வருஷ முகாம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மேற்கே கருத்துக்கொண்டிருந்தது. பாலாற்று மணலில் வேண்டாம், கரைமேல் ஏறிவிடலாம் என்று நான் சொன்னேன். நீ எல்லார் நடுவிலும் சிரித்தாய். "சாயம் காயலன்னா போதும், இவனுக்கு உலகமே முழுகிப் போவுதுன்னு தோணும்" என்றாய். இருபது பேர் சிரித்தார்கள். ஆற்றில் ஒரு சொட்டு வரவில்லை. மறுநாள் காலையில் காய்ந்த மணலைக் கையில் அள்ளி என் தலையில் தூவினாய். விளையாட்டுக்குத்தான் செய்தாய். எனக்கு ஒரு வருஷமாக அந்த மணல் உதிரவில்லை.

உனக்குப் பிறகு யார் நடத்துவது என்று முனுசாமியின் பட்டறையில் கூடிப் பேசினார்கள். என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். "அண்ணனுக்காக" என்று சொல்லித்தான் ஆக்கினார்கள். தலைவர் நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது என்றும் தீர்மானம். இந்த ஒரு முகாமை ஒழுங்காக நடத்தி, ஒரு தடவையாவது என் பேச்சுக்கு இவர்கள் எழுந்து நடக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை தேரடியில் தூறல். உன் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, புல்லட்டின் முன்விளக்குக்கு மேல் கட்டினார்கள். நனையாமல் இருக்க மெழுகுத்துணி சுற்றினார்கள். அதற்கு மேல் ரோஜா மாலை. எனக்கு முன்னால் நீ மாலையோடு போனாய், பின்னால் நான் நனைந்துகொண்டு ஓட்டினேன். ஐயம்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது டீக்கடைக்காரர் படத்தைக் கும்பிட்டுவிட்டு என்னிடம், "நீங்க யாரு, டிரைவரா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்ததில் டீ சிந்தியது.

வாலாஜாபாத் போகிறதற்குள் மழை வலுத்துவிட்டது. இருவர் சேற்றில் சறுக்கினார்கள். ஸ்ரீநிவாசன் வாத்தியாரின் லாம்ப்ரெட்டா நின்றுவிட்டது. சின்ன காஞ்சிபுரத்துக் கணக்கு வாத்தியார், மோட்டார் சைக்கிள் சங்கத்தில் ஸ்கூட்டரோடு சேர்ந்த ஒரே ஆள், அதுவும் உன் சிபாரிசு. அவரையும் லாம்ப்ரெட்டாவையும் கடைசி ஒரு மைல் நான்தான் தள்ளினேன்.

அரிசி மில்லில் தார்ப்பாய்களை எடுத்துக் கட்டும்போது மில்காரர் வெளியே வந்தார். "இந்த வருசமும் மணல்லயா? பாத்துக்கோங்கபா. காலைல வந்த பஸ் கண்டக்டர் சொன்னாரு, ஆற்காடுகிட்ட ஆத்துல தண்ணி போவுதாம்" என்றார்.

முனுசாமி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னான். "பாலாத்துல தண்ணியா? வந்தா நல்லதாச்சி. வண்டி கழுவிக்கினு போலாம்."

இந்த ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு இது. வேறு ஊரில் ஆறு என்றால் தண்ணீர். நமக்கு ஆறு என்றால் மணல். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் குறுக்கே நடந்து போவார்கள், மாட்டு வண்டி போகும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். எப்போதாவது நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் வந்தால் தேர் பார்க்கிற மாதிரி கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அதற்குப் பயப்படுவது நமக்குத் தெரியாது. நீயும் அப்படித்தான். பாலாறு நம் வீட்டு முற்றம் என்பாய்.

பதினொரு மணிக்கு மணலில் இறங்கினோம். ஐந்து தார்ப்பாயை மூங்கில் நட்டுக் கட்டினோம். காற்று பக்கவாட்டில் அடித்ததால் கட்டக் கட்டக் கழன்றது. சமையலுக்கு ஊற்று தோண்டினோம். இரண்டு முழம் தோண்டியதும் தண்ணீர் கண்டது. கண்ணாடி மாதிரி இருந்தது. அதிலேயே சாதம் வடித்து, ரசம் வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டோம். வாத்தியார் வழக்கம்போலத் தனியாகப் புளியோதரை கொண்டு வந்திருந்தார். வழக்கம்போல அதை மற்றவர்கள் தின்றுவிட்டு அவருக்கு எங்கள் ரசத்தைக் கொடுத்தார்கள்.

மத்தியானம் மெதுவோட்டப் போட்டி. காலை ஊன்றாமல் கடைசியாக வருகிறவன் ஜெயித்தவன். ஈர மணலில் எல்லாரும் முதல் பத்தடியிலேயே காலை ஊன்றினார்கள். ஊன்றாமல் போய்ச் சேர்ந்தவன் நான் ஒருவன்தான். நீ ஜெயிக்கிற போட்டி அது. இந்த வருஷம் நான் ஜெயித்தேன் என்று உனக்குச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. முனுசாமி என்ன சொன்னான் தெரியுமா? "வண்டி பழக்கத்துல போயிடுச்சி. அண்ணன் வண்டியாச்சே."

நாலு மணி இருக்கும். வாத்தியார் தன் தூக்குச் சட்டியைக் கழுவ ஊற்றுப் பக்கம் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார். "குமரேசா, இங்க வந்து பாரேன். தண்ணி மேல ஏறிண்டிருக்கு."

போய்ப் பார்த்தேன். இரண்டு முழத்துக்குக் கீழே இருந்த தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. கையை விட்டு எடுத்தேன். கண்ணாடியாக இருந்தது கலங்கியிருந்தது. நான் சாயக்காரன். இருபது வருஷமாக இந்த ஆற்று ஊற்றுத் தண்ணீரில்தான் பட்டைத் தோய்க்கிறேன். மணலுக்கு அடியில் தண்ணீர் இப்படி அவசரமாக ஏறி, கலங்கியும் இருந்தால், மேலே எங்கோ ஆறு இறங்கி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 

ஓடி வந்து சொன்னேன். எல்லாவற்றையும் பிடுங்குங்கள், கரைமேல் கல் சத்திரம் இருக்கிறது, இருட்டுவதற்குள் ஏறிவிடலாம் என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, மழை பெய்யுது, ஊத்து ஏறுது. இதுல இன்னா இருக்குது?" என்றான் முனுசாமி.

"தண்ணி கலங்கியிருக்குதுபா. மில்காரர் சொன்னத கேட்ட இல்ல?"

"கேட்டேன். அண்ணன் இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு? பன்னெண்டு வருசம் மணல்லதான போட்டாரு. அவரு போன மொத வருசமே நாம பயந்துக்கினு கரைமேல ஏறினா, நாளைக்கி ஊர்ல இன்னா பேசுவாங்க? அவரு பேர காப்பாத்த வேணாவா?"

"பேர காப்பாத்தறதுக்கு ஆளு இருக்கணும் முனுசாமி."

"உக்காருபா. உனக்கு எப்பவும் சாயம் காயற கவலதான்."

உன் வார்த்தை. போன வருஷம் நீ சொன்னது அப்படியே அவன் வாயிலிருந்து வந்தது. மறுபடியும் இருபது பேர் சிரித்தார்கள். நான் கத்தினேன். கெஞ்சினேன். ஒரு மூங்கிலை நானே பிடுங்கினேன். இருவர் வந்து அதைத் திரும்பவும் நட்டார்கள். வாத்தியார் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரால் ஒரு லாம்ப்ரெட்டாவையே கிளப்ப முடியாது, இருபது பேரை எப்படிக் கிளப்புவார்?

அப்போதுதான் அந்தப் பொய் என் வாயில் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. "அண்ணன் ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொன்னாருபா" என்றேன். சீட்டுகள் நின்றன. "என் கையப் பிடிச்சிக்கினு சொன்னாரு. ஊத்துத் தண்ணி ஒரு சாணுக்கு ஏறி, கலங்கலாவும் இருந்துச்சின்னா, ஒரு நிமிசம் மணல்ல இருக்காதீங்க, எல்லாரையும் கரையேத்திடுன்னாரு. அதுதான் கடைசியா எங்கிட்ட பேசினது."

நீ அப்படி எதையும் சொல்லவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முனுசாமி எழுந்தான். முகம் மாறிவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று என்னையே திட்டினான். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நீ பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய். கொட்டுகிற மழையில் தார்ப்பாய்களைச் சுருட்டித் தலையில் தூக்கினார்கள். சக்கரம் புதைகிற மணலில் ஒவ்வொரு வண்டியையும் நாலு நாலு பேராகத் தள்ளிக் கரை ஏற்றினார்கள். முழங்கால் அடிபட்டவர்கூட அண்டாவைத் தூக்கினார். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் இருபத்திரண்டு வண்டியும் சத்திரத்து வாசலில் நின்றன. என் பேச்சுக்கு அசையாதவர்கள், நீ பேசாத பேச்சுக்கு மலையைப் பெயர்த்தார்கள்.

காலையில் முதலில் எழுந்தவன் நான். கரைக்குப் போனேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் செம்மண் தண்ணீர். மரக்கிளை, வைக்கோல், செத்த ஆடு ஒன்று, எல்லாம் சுழன்று போய்க்கொண்டிருந்தன. எங்கள் மூங்கில்களில் ஒன்றைப் பிடுங்காமல் விட்டுவிட்டோம். அதன் நுனி மட்டும் ஒரு முழம் வெளியே தெரிந்தது. சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது, சொல்லட்டுமா? தப்பித்தோம் என்று தோன்றவில்லை. கடவுளே என்று தோன்றவில்லை. நீ தப்பு, நான் சரி என்று தோன்றியது. சந்தோஷத்தில் உடம்பு புல்லரித்தது. உன்னிடம் ஓடி வந்து, வாய்யா, வந்து பார், யாருக்கு உலகம் முழுகிப் போகிறது என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. நாற்பது வயதில் ஒரே ஒரு தடவை உன்னை ஜெயித்தேன், அதைச் சொல்வதற்கு நீ இல்லாமல் போய்விட்டாய். அந்தக் கரையில் உட்கார்ந்து அழுதேன் அண்ணா. துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். தண்ணீரைப் பார்த்தார்கள். முனுசாமி சத்திரத்துக்கு ஓடி உன் படத்தைக் கொண்டுவந்து ஒரு கல்மேல் வைத்தான். "செத்தும் எங்கள காப்பாத்திட்டியேண்ணா" என்று விழுந்து கும்பிட்டான். ஒவ்வொருவராக விழுந்தார்கள். யார் பையிலிருந்தோ கற்பூரம் வந்தது. அதைக் காட்டும்படி என்னிடமே கொடுத்தார்கள். செயலாளர் அல்லவா? காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு எரிச்சலோடு யாருக்கும் கற்பூரம் காட்டியதில்லை.

நாங்கள் திரும்பி வருவதற்குள் கதை ஊருக்கு வந்துவிட்டது. டீக்கடையில் உன் கதை, பட்டுச் சொசைட்டி வாசலில் உன் கதை. ஏகாம்பரம் கனவில் வந்து சொன்னதாகச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பேச்சு. எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கரித்தது. உயிரோடு இருந்த ஏகாம்பரத்தோடு போட்டி போட முடிந்தது. நீ சில நாள் கோபப்படுவாய், சில நாள் தப்புச் செய்வாய். இப்போது இருக்கிற இந்த ஏகாம்பரம் தப்பே செய்யமாட்டான். ஆற்றின் மனசு தெரிந்தவன், சாகும்போதும் சங்கத்தை நினைத்தவன். அவனை உண்டாக்கியவன் நான். என் கையால் செய்த பொம்மையின்மேல் எனக்கே பொறாமை.

போகட்டும் என்றுதான் இருந்தேன். இருபத்திரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், யார் பெயரில் என்றால் என்ன? அப்படிச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை அண்ணி வந்து கலைத்தார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். அண்ணி கூடத்தில் ராட்டையில் பட்டு இழைத்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தேன். தலை நிமிராமல் கேட்டார்.

"தம்பி, உங்க அண்ணன் நெஜமாவே உங்ககிட்ட அப்படி சொன்னாரா?"

"எப்படி அண்ணி?"

"ஊத்து, தண்ணி, கூடாரம். முனுசாமி பொண்டாட்டி வந்து சொல்லிட்டு அழுதுட்டு போறா." ராட்டையை நிறுத்தவில்லை. "பத்து நாளும் கட்டில்கிட்டயேதான் இருந்தேன். கண்ணு தொறந்தா கஞ்சி சூடா இருக்குதுன்னுவாரு. இல்லன்னா ஜன்னல சாத்துன்னுவாரு. வேற ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல. பேச முடியாம கெடக்கறாரு பாவம்னு நெனச்சிக்கினு இருந்தேன். கூடாரத்தப் பத்தி இவ்ளோ பேசினாரா?"

 "ஏதோ மயக்கத்துல சொன்னாரு அண்ணி" என்றேன். பொய்யை மறைக்க இன்னொரு பொய்.

"மயக்கத்துலயாவது உங்க ஞாபகம் வந்துச்சே அவருக்கு" என்றார்.  நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி சுற்றினார்.

அந்த முகத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று தேட வேண்டியிருக்கவில்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். இன்னொருவருக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிற முகம். பதினாறு வருஷம் உன்னோடு வாழ்ந்தவர், நீ சொல்லாத ஒரு பேச்சுக்காக என்மேல் பொறாமைப்பட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறார். அந்த நெருப்பை வைத்தது நான்.

அந்த வாரமே சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். உன் நினைவாக ஒரு மலர் அச்சிடுவதென்று முடிவு. முதல் பக்கத்தில் "அண்ணன் சொன்ன கடைசி வார்த்தை" என்று நான் எழுத வேண்டும் என்றான் முனுசாமி. எல்லாரும் கை தட்டினார்கள். நாலு நாள் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அந்த முதல் பக்கம் இதுதான்.

நான் சொன்னது பொய், இடத்தை மாற்றச் சொன்னது நான் என்று எழுதினால், செத்தவன் பெயரைப் பிடுங்கிக்கொள்கிறான் என்பார்கள். பொறாமைக்காரன் என்பார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இதை அண்ணிக்காக எழுதுகிறேனா, எனக்காக எழுதுகிறேனா? இரண்டுக்கும்தான். எனக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நீ மட்டும் இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமை நீயும் சீட்டை வைத்துவிட்டு எழுந்திருக்கமாட்டாய். சிரித்திருப்பாய். உன்னோடு சேர்ந்து நாங்கள் இருபத்திரண்டு பேரும் மணலில் படுத்திருப்போம். நானும்தான். நீ இருக்கிற இடத்தை விட்டு நான் எங்கே போயிருக்கப் போகிறேன்?

இது வரைக்கும் எழுதியதை நேற்று அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். ராட்டையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.  கோபமா என்று கேட்கப் பயமாக இருந்தது.

"அப்போ நெஜமா உங்ககிட்ட கடைசியா இன்னாதான் சொன்னாரு?" என்று கேட்டார்.

சொன்னேன். ஒன்பதாம் நாள், அண்ணி கஞ்சி வாங்கிவரக் கீழே போயிருந்த நேரத்தில், நான் உன் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "பெட்ரோல் டேப்ப மூடுனியா?" என்று கேட்டாய். வண்டியை நிறுத்தினால் உடனே அதை மூட வேண்டும் என்பது உன் சட்டம். மூடினேன் என்றேன். நீ நம்பவில்லை. "போய் பாத்துட்டு வா" என்றாய். நான் முறைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிப் போயிருந்தாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ பேசவில்லை.

"மூடியிருந்துச்சா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. தெறந்துதான் இருந்துச்சி."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு அப்படித்தான். எனக்கு கஞ்சி, உங்களுக்கு பெட்ரோலு. இதயும் எழுதுங்க தம்பி. அந்த ஆத்துல தண்ணி பாத்த மகான எனக்குத் தெரியாது. இவரத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

அதனால் எழுதிவிட்டேன். நாளைக்கு அச்சாபீசுக்குக் கொடுக்கிறேன். முனுசாமி ஒரு மாசம் என்னோடு பேசமாட்டான். செயலாளர் பதவியும் போகலாம். போனால் போகட்டும், தார்ப்பாய் கேட்க அந்த மில்காரரிடம் வேறு யாரும் போகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த தீபாவளி முடிந்ததும் முகாமை நடத்துவேன் அண்ணா. இடத்தை நான் சொல்வேன். என் பெயரில், என் வாயால் சொல்வேன். கேட்காதவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் போடுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உன்மேல் பொறாமைப்படுவதை மட்டும் நிறுத்தமாட்டேன், அதற்கு நீ நீயாக இருக்க வேண்டும். ஆகவே இது சத்தியம்: இனி உன்னைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லமாட்டேன், நல்ல பொய்கூட.

உனக்கு நாலு வருஷம் பின்னால் பிறந்து, இன்னும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிற
உன் தம்பி
குமரேசன்